ஹீலியமும் ஒரு கிடைச் சாட்சியும்

ஊருக்குப் போனாலே எரிச்சலூட்ட ஒரு கேள்வி காத்திருக்கும். "நட்சத்திரத்த எண்ணுறதுக்கா ஒனக்குச் சம்பளம்?" விளக்கி விளக்கி அலுத்துப்போனேன். பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் எவ்வளவு ஹீலியம் உண்டானது என்று அளப்பதுதான் அப்போது என் ஆராய்ச்சி. ஹீலியத்தை அளப்பது பெரிய காரியமில்லை. பின்னால் வந்த நட்சத்திரங்களும் ஹீலியத்தைச் சமைத்துக் கொட்டிப் பழையதோடு கலந்துவிட்டன, அதுதான் தொல்லை. ஆகவே நட்சத்திரங்கள் அதிகம் கைவைக்காத வாயுவைத் தேட வேண்டும். ஆக்சிஜன் முழுக்க நட்சத்திரங்கள் சமைத்தது, அது குறைவாக இருந்தால் கலப்படமும் குறைவு. அப்படிப்பட்ட வாயு எங்கோ ஒதுக்குப்புறமாகக் கிடக்கும் மங்கலான குட்டி கேலக்ஸிகளில்தான் அகப்படும்.

அந்தச் சமயத்தில் அப்பாவின் குத்தகை நிலத்துக்கு ஆபத்து வந்தது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் போட்டிருந்தார்கள். பதிவாகிவிட்டால் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. எங்கள் மிராசுதார், ஆட்சி மாறியதும் கரைவேட்டிக்கு மாறியவர். மேடையில் அந்தச் சட்டத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு, தாசில்தாரிடம் "அது என் சொந்தச் சாகுபடி, இவர் கூலிக்கு உழுதவர்" என்று எழுதிக் கொடுத்தார். அப்பா அளந்த குத்தகை நெல்லுக்கு ஒரு ரசீதும் கிடையாது. எந்த வயலில் யார் சாகுபடி என்று எழுதும் அடங்கல் கணக்கில் கர்ணம் மிராசுதார் பெயரையே ஏற்றியிருந்தார். கேட்டதற்கு, "எனக்கென்னம்மா தெரியும், சொன்னத எழுதுனேன்" என்றார். டீக்கடை இருந்தது மிராசுதாரின் மனையில். கொல்லருக்குப் படி அவர் களத்து நெல். பக்கத்து வயல்காரர் அவருக்குச் சம்பந்தி. உண்மை தெரியாதவர் ஒருவரும் இல்லை, வாயைத் திறக்கவும் ஒருவரும் இல்லை. கோழைக் கூட்டம்.

எனக்கு ஆத்திரம் வந்தால்தான் புத்தி வேலை செய்யும். மிராசுதாரின் கைபடாதவர் யார் என்று யோசித்தேன். ஊருக்குள் கிடையாது. கோடையில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆடு ஓட்டி வரும் கீதாரி ஒருவர் இருந்தார். அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார். எரு வயலுக்கு, நெல் அவருக்கு. எங்கள் வயலுக்கு அந்த நெல்லைக் கொடுத்தது அப்பா. கூலிக்கு உழுதவன் எவனாவது அடுத்தவன் வயல் எருவுக்குத் தன் நெல்லை அளப்பானா?

தாலுகா ஆபீஸில் அப்பாவுக்காகப் பேசப் போன என் மேல் மிராசுதாரின் வக்கீல் முதலில் பாய்ந்தார்.

"ஒலகம் பொறந்தப்ப நீங்க கூட இருந்து பாத்தீங்களாம்மா?"

"இல்லைங்க. மிச்சம் இருக்கறத வச்சுக் கண்டுபிடிக்கிறோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

பிறகு கீதாரி தோளில் கம்பளியோடு வந்து நின்றார். கிடைக்கு நெல் கொடுத்தது யார் என்று தாசில்தார் கேட்டார்.

"இவுகதேன். வருசா வருசம் இவுகதேன்" என்று அப்பாவைக் காட்டினார்.

"ஆட்டுக்காரன் சொல்றதெல்லாம் சாட்சியா?" என்றார் வக்கீல்.

"ஆட்டுக்குப் பேச வராதுங்கய்யா. அதேன் நான் வந்தேன்."

அப்பாவின் பெயர் பதிவானது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த கோடையில் விடுமுறைக்குப் போனபோது எங்கள் வயல் வெறுமனே காய்ந்து கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் அந்தக் கீதாரியை யாரும் வயலில் இறக்கக்கூடாது என்று மிராசுதார் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஆளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? எங்கள் வயலிலும் ஏன் கிடை இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்.

"வந்தான். வேற ஊரு பாத்துக்கன்னு அனுப்பிட்டேன்" என்றார். "வாய்க்கா தண்ணி மிராசுதாரு வயலத் தாண்டித்தானே நமக்கு வரணும்?"

"நமக்காகச் சாட்சி சொன்னவருப்பா."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"அவன் வெளியூர்க்காரன்தானம்மா. அதுக்காகத்தானே நீயே அவனக் கூட்டியாந்தே."