குப்பைமேட்டில் பதினெட்டாவது பறவை

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரைக் குப்பைமேட்டுக்கு அந்தக் குளிர்காலத்தில் பதினேழு கடற்காகங்கள் வந்திருந்தன. எல்லாம் வருஷா வருஷம் வரும் பழுப்புத்தலை இனம். பொங்கலுக்கு மறுநாள் மக்பூல் அகமது எண்ணியபோது பதினெட்டு இருந்தது.

புதிதாக வந்ததும் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. குளிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் வெளுத்துவிடும் தலை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறை. ஆனால் அலகு ஒல்லி. மற்றவற்றின் கண் வெளிறியிருக்கும். இதன் கண் கறுப்பு. தோல் கம்பெனிகள் தோலிலிருந்து சுரண்டிக் கொட்டிய சவ்வுக் குவியலை விட்டு அது எழும்பியபோது சிறகின் முன்விளிம்பு நெடுக வெள்ளையாகத் தெரிந்தது. கருந்தலை இனம். இங்கே ஒருமுறையும் வராதது.

மக்பூல் பையிலிருந்து நோட்டை எடுத்தார். எழுதாமல் திரும்ப வைத்தார். பக்கத்தில் காசிநாதன் இல்லை.

இருவரும் ஒரே தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தரம் பிரித்தவர்கள். வடக்கு ஜன்னலோரம் மேஜை. மக்பூல் தோலை விரித்து, தடவிப் பார்த்து, தரம் சொல்வார். எதிரில் நிற்கும் காசிநாதன் தானும் பார்த்து "சரி" என்ற பிறகுதான் முத்திரை விழும். சந்தேகமென்றால் தோல் தனியே போகும். ஓய்வு பெற்ற பின் பறவைக்கும் அதே வழக்கம். ஆறு குளிர்காலமாக, ஒருவர் மட்டும் பார்த்த பறவை நோட்டில் ஏறியதில்லை.

காசிநாதன் பத்து நாளாக வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரல். மக்பூல் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மூக்கில் குழாயோடு காசிநாதன் போனை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா பாய் இது? அரிசி சிந்தின மாதிரி இருக்குது."

"கண்ணு கறுப்புடா."

"குஞ்சுக்கும் கண்ணு கறுப்புதான்."

"குஞ்சுன்னா ரெக்கையில பழுப்பு இருக்கணுமே. இல்ல. வால்லயும் பட்டை இல்ல. கருந்தலைதான் காசி. சரின்னு சொல்லு, எழுதிக்கிறேன்."

காசிநாதன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

"போட்டோ பார்த்து எந்தத் தோலுக்குய்யா தரம் போட்டோம்? உனக்கு எப்பவும் அவசரம் ஜாஸ்தி. நான் வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் பிடிச்சு வை."

"பறக்கறத எப்பிடிடா பிடிச்சு வைக்கிறது?"

"அதுக்குத்தான் சவ்வு கொட்டுறாங்களே."

மக்பூல் தினமும் காலையில் போனார். மேட்டிலிருந்தே போன் செய்வார். "இருக்குதா?" என்பார் காசிநாதன். "இருக்குது." அதற்கு மேல் பேச காசிநாதனுக்கு மூச்சு இல்லை.

ஒன்பதாம் நாள் போனை எடுத்தது அவர் மனைவி பட்டம்மாள். அழுகை மட்டும் கேட்டது. பறவை எதிரில் சவ்வைக் கொத்திக்கொண்டிருந்தது. மக்பூல் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

காரியம் முடிந்த மறுநாள் பட்டம்மாள் தானாகவே கேட்டாள். "பாய், பார்க்கணும் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே, அது இன்னும் இருக்குதா?"

ஆட்டோவில் கூட்டிப் போனார். நாற்றத்துக்கு அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். குட்டையோரம் மற்றவற்றோடு அது நின்றது. மக்பூல் கையைக் காட்டி அலகைச் சொன்னார், கண்ணைச் சொன்னார். மேஜையில் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். லாரி ஒன்று குப்பையைச் சரிக்க, எல்லாம் எழும்பின. வெள்ளை விளிம்பு வெயிலில் பளிச்சென்றது.

"அதோ, அதுதான். பார்த்தியாம்மா?"

நோட்டும் பேனாவும் அவர் கையில் இருந்தன.

பட்டம்மாள் நெடுநேரம் பார்த்தாள். "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது பாய். நீங்க சொன்னா சரிதான்."

அப்படியொரு சரியைக் காசிநாதன் முப்பத்தோரு வருஷத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவளை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு வந்து, மக்பூல் தேதியைப் போட்டார். எதிரே பதினேழு என்று எழுதினார்.