நானாவின் நுரைக் கூரை

அண்ணனை நாங்கள் நானா என்போம். என் நானா கட்டிய கலியாண மண்டபத்துக்கு அவர் வைத்த பெயர் ஒன்று, ஊர் வைத்த பெயர் வேறொன்று. அவர் வைத்த பெயர் பலகையில் மட்டும் இருந்தது. ஊர் அதைக் காற்று மண்டபம் என்றது. யுத்தம் முடிந்து, புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் ரோட்டுக்குக் கார்பட் போட்டு, வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்குவதற்கு எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தக் காற்றுக்காகவே அவர்கள் விமானம் ஏறி வந்தார்கள். அதே காற்று கூரையைக் கொண்டுபோய்விடக் கூடாதென்று நாங்கள் கூரைக்கு மேலே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

மண் மூட்டை மட்டும் என்று நினைக்க வேண்டாம். வருடத்தின் நடு மாதங்களில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கப் போகிறதென்றால் எங்கள் கரையில் ஒருவருக்கொருவர் பழைய வலை கொடுப்பார்கள். அதைக் கூரைமேல் விரித்து, மூலைகளில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். நானாவின் தகரக் கூரையில் வலை இருந்தது, தேய்ந்த டயர்கள் இருந்தன, ஓடாத படகு எஞ்சின் ஒன்றும் இருந்தது. இத்தனை சீதனத்தோடும் அந்தத் தகரம் இரண்டு தரம் கழன்று பறந்தது. ஒரு தரம் சாப்பாட்டு நேரத்தில். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் வைத்திருந்த நேரம். விருந்தாளிகள் எழுந்து ஓடினார்கள், ஆனால் சஹனையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினார்கள். எந்த ஆபத்திலும் நிதானம் இழக்காதவர்கள் எங்கள் ஊரார்.

பறக்காத நாட்களில் தகரம் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். மண்டபத்துக்குள் பேசவேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். அதில் ஒரு வசதியும் இருந்தது. பெண் வீட்டுச் சோற்றைப் பற்றியும் மாப்பிள்ளையின் வழுக்கையைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தகரத்தின் தயவில்தான் உறவு முறியாமல் இருந்தன.

நானாவுக்கு ஒரே மகள். ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தாள். புத்தளத்திலிருந்து மாப்பிள்ளை வந்தபோது அவள் கேட்டது ஒன்றைத்தான். படிப்பை முடிக்க விடவேண்டும், பிறகு படிப்பிக்கப் போக விடவேண்டும். மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்து, வட்டிலப்பத்தை வாயில் வைத்தபடியே, "அதுக்கென்ன, எங்களுக்கும் பெருமதானே" என்றார். அதோடு பேச்சு முற்றாகியது. மாப்பிள்ளையின் மூத்தவருக்குக் கட்டாரில் லீவு கிடைக்கிற நேரம் பார்த்து நாள் குறித்தார்கள். அது சோளகத்தின் நட்டநடுவில் போய் விழுந்தது.

"டவுன்ல ஒரு ஹோல் எடுப்பம் ஹாஜியார். உங்கட கூரைக்குக் கீழ இருந்து சாப்பிட எங்கட ஆக்களுக்குப் பயம்" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

நானாவுக்கு முகம் செத்துப்போனது. சொந்த மகளின் நிக்காஹையே அடுத்தவன் மண்டபத்தில் வைத்தால், பிறகு யார் அவரிடம் மண்டபம் கேட்டு வருவார்கள்? இழுத்து மூடிவிட்டுக் கருவாடு காயப்போட வேண்டியதுதான். "என்ட மகள்ட நிக்காஹ் என்ட மண்டபத்துலதான்" என்று சொல்லிவிட்டு, கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார். கூரைக்கு நுரை அடிக்கிற ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள்.

வந்த பொறியியலாளர் இளந்தாரி. கூரையை ஏறிப் பார்த்துவிட்டு, படகு எஞ்சினை மட்டும் மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"ஹாஜியார், காத்து மேலால வந்து தகரத்தத் தூக்கிறதில்ல. விளிம்புக்குள்ளாலயும் ஆணி ஓட்டைக்குள்ளாலயும் பூந்துதான் கிளப்புது. கழண்டத மாத்தி இறுக்கிப்போட்டு, மேல நுரைய அடிச்சா அது பொங்கி, இறுகி, ஒரே தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பொருத்தே இராது. காத்துக்குப் பிடிக்க இடமில்ல. ஒழுகாது, வெயில் இறங்காது, சத்தமும் குறையும்."

சத்தத்தை அவர் கடைசியில், போகிறபோக்கில் சொன்னார். நாங்களும் போகிறபோக்கில்தான் கேட்டுக்கொண்டோம்.

காற்றைத் தாங்கும் அந்த நுரையைக் காற்றில் அடிக்க முடியாது என்பது பிறகுதான் தெரியவந்தது. காற்று விழும்வரை காத்திருக்க வேண்டுமாம். கற்பிட்டியில். கொழும்பு ஆட்கள் காலை தோறும் வானத்தைப் பார்ப்பார்கள், பாணும் சம்பலும் சாப்பிடுவார்கள், படுத்துக்கொள்வார்கள். கடைசியில் விடிகிற நேரத்துக் கொஞ்ச அமைதியைப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாக அடித்து முடித்தார்கள். ஒருநாள் மட்டும் காற்று சொல்லாமல் எழும்பி, ரோட்டில் நின்ற கழுதை ஒன்றின் முதுகெல்லாம் வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லை, எல்லா இடமும் போகும். "ஹாஜியார் கழுதைக்கும் கூரை போட்டுட்டார்" என்ற கதை அந்தக் கழுதைக்கு முன்னாலேயே புத்தளம் போய்ச் சேர்ந்தது.

ஊர் திரண்டு வந்து கூரையைப் பார்த்தது. சவர்க்கார நுரை மழைக்குக் கரையும் என்றார்கள். பக்கத்து வளவுக்காரர் நல்ல மனதோடு வலையைத் தோளில் போட்டுக்கொண்டே வந்து, "எதுக்கும் இதயும் மேலால கட்டிப்போடுங்க" என்றார். பாரம் ஏற்றினால் மேல் பூச்சு கிழியும் என்று பொறியியலாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் நானா ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில்தான் இறங்கினார். "மூட்டையில்லாத கூரை உடுப்பில்லாத மாதிரி ஈக்கி" என்று முணுமுணுத்தார். பாவமாகத்தான் இருந்தது.

நிக்காஹ் நாளன்று சோளகம் தன் பங்குக்கு முழு மரியாதையோடு வந்தது. தென்னைகள் வளைந்து நின்றன. ரோட்டில் பெண்கள் முந்தானையையும் பிள்ளையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மண்டபத்துக்குள் கூரை மூச்சுக்கூட விடவில்லை. ஆனால் அந்த அமைதியை யாரும் கவனிக்கவில்லை. வாசற்படி ஏறும்போதே பழக்கதோஷத்தில் எல்லாரும் கத்தத் தொடங்கியிருந்தார்கள்.

"இறச்சி அவியவே இல்லயாம்!" என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரின் காதுக்குள் இரகசியம் சொன்னார். சமையல்காரர் அகப்பையோடு எட்டிப் பார்த்தார். "கூரை பறந்தாலும் பறக்கும் எண்டுதான் பழைய சாரிய உடுத்தன்" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியும் ஒருவரும் குரலைக் குறைக்கவில்லை. மற்றவர்களுக்குத்தான் நாகரிகம் இல்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

நான் மணப்பெண்ணான என் மருமகளின் அறையில் அவளுடைய முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வெளியே பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் உம்மா தன் தங்கையின் காதுக்குள் கத்திச் சொன்னார்:

"நிக்காஹ் முடியட்டும். கலாசாலையெல்லாம் அதோட சரி. நாளைக்கே அங்கிருந்து அவட பெட்டிய எடுக்க ஆள் அனுப்புறன்."

மண்டபம் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. தகரம் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு அடி அடித்து எல்லாவற்றையும் மூடியிருக்கும். நுரை சத்தமே போடவில்லை. என் கையிலிருந்த ஊசி என் விரலிலேயே ஏறியது. மருமகள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

எங்கள் வழக்கப்படி, நிக்காஹுக்கு முன்னால் பெண்ணின் வாப்பா இரண்டு சாட்சிகளோடு அவளிடம் வந்து சம்மதம் கேட்பார். அவள் வாய்க்குள் ஏதோ சொல்லுவாள். அவர் வெளியே போய், மகள் சம்மதம் என்பார். சோளக காலத்தில் அந்தப் பதிலைக் காதால் கேட்டவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று ஒருவரும் நினைத்ததுமில்லை.

நானா வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். அவருக்கும் கேட்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. கேட்காத மாதிரியே கேட்டார்: "மகள், உங்கள இவருக்கு நிக்காஹ் செஞ்சு தர சம்மதமா?"

"இல்ல வாப்பா" என்றாள். அவள் கத்தவில்லை. "அவர்ட உம்மா சொன்ன கதைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. அதுக்குப் பிறகு கேளுங்க."

சாட்சிகளில் ஒருவர் அவசரமாக இருமினார். இவ்வளவு காலமும் தகரம் செய்த வேலையை ஒரு இருமலால் செய்ய முடியவில்லை. திரைக்கு அப்பால் கதிரைகள் அசையும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது.

"மகள், ஊரே வந்தீக்கி" என்றார் நானா மெதுவாக.

"ஊருக்கும் கேக்கட்டும் வாப்பா."

நானா மேலே கூரையைப் பார்த்தார். அவர் கோபப்படப் போகிறார் என்று நான் பயந்தேன். மண்டபமும் போய், மானமும் போகிற நேரம். ஆனால் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக ஆண்கள் பக்கம் போய், மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றார்.

"மருமகன், உங்கட வாயால சொல்லுங்க."

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். அந்த எச்சில் விழுங்கியதும் கேட்டது என்று சொன்னால் மிகை என்பீர்கள். "அவ படிக்கட்டும். படிப்பிக்கப் போகட்டும்" என்றார். தணிந்த குரல்தான். சமையல் கட்டுவரைக்கும் போனது. அவருடைய உம்மா, "நான் சும்மா பகிடிக்குச் சொன்ன கதை அது" என்று சிரித்தார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை.

நானா திரும்பி வந்து மறுபடி கேட்டார். "ஓம் வாப்பா, சம்மதம்" என்றாள். அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

இப்போது அவள் நுரைச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். அந்தக் கூரையிலிருந்து ஒரு விரல் அளவும் இன்னும் பெயரவில்லை, ஆனால் அதைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. அந்த மண்டபத்தில் வாயைத் திறக்க ஏலாது என்பதுதான் பேச்சு. மறைக்க ஏதாவது வைத்திருப்பவர்கள் டவுனில் மண்டபம் எடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நானாவிடம் வருகிறார்கள், சோளகத்திலும் வருகிறார்கள். பொறியியலாளர் ஒருமுறை வந்து, நுரைக் கூரையால் என்ன நன்மை கண்டீர்கள் என்று கேட்டார். நானா, வெக்கை குறைவு என்றார்.

அன்று மருமகள் மேல் எனக்குப் பொறாமை வந்தது. வந்ததை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். என் நிக்காஹும் சோளகத்தில்தான் நடந்தது, வலை போட்டு, மூட்டை ஏற்றிய எங்கள் வீட்டுத் தகரத்துக்குக் கீழே. வாப்பா சாட்சிகளோடு உள்ளே வந்து சம்மதமா என்று கேட்டார். நானும் இல்லை என்றுதான் சொன்னேன். தகரம் அடித்துக்கொண்டிருந்தது. வாப்பா தலையாட்டிவிட்டு வெளியே போய், மகள் சம்மதம் என்றார்.