பானட்டில் வைத்த பொட்டு

கீரமங்கலத்திலிருந்து தினமும் புதுக்கோட்டைக்கு வேலைக்குக் காரில் போகிறேன். வண்டியைக் கழுவ நேரமே கிடைக்காது. போன ஆயுத பூஜைக்கு என் மாமியார், புது வெள்ளைக் காரின் பானட்டில் சந்தனம் பூசிப் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். துடைக்கப் போனேன். "சாமிப் பொட்டை அழிக்காத, தானாப் போகட்டும்" என்றார். விட்டுவிட்டேன்.

வெயிலில் பல நாள் காய்ந்தபின் கழுவியபோது, பொட்டு போனது. சிவப்புக் கறை போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தேன். பெயின்ட்டின் பளபளப்பும் சேர்ந்து போனது.

பாலிஷ் போட்டு, பானட் முழுக்கப் பெயின்ட்டைக் காக்கும் நிறமில்லாத பிலிம் ஒட்டினேன். இப்போதெல்லாம் எந்தக் கறையையும் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன்.

இந்த வருடம் சந்தனக் கிண்ணத்தோடு வந்த மாமியாரை மறித்தேன்.

"இனிமே பொட்டு கண்ணாடியிலதான், அத்தை."

"அங்க வச்சா ஒனக்கு ரோடு தெரியுமா?"

"ஓரமா வைங்க. சாமிக்கும் ரோடு தெரியட்டும்."