சத்தம் எட்டாத இடம்

அகரத்தில் தக்காளி போட்டிருந்த கருப்பம்மாளின் புருஷன் மலைச்சாமி, எண்பத்து மூன்றில் மழை பொய்த்தபோது கிணற்றை ஆழப்படுத்த வெடி வைக்கப் போய் இறந்துபோனான். தோட்டா நமத்துவிட்டது என்று நினைத்துக் குனிந்தான், அது வெடித்துவிட்டது. கஞ்சித் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்த அவளுக்குச் சத்தம் நன்றாகவே கேட்டது. அன்றைக்கு அவள் அழவில்லை. அதற்கப்புறமும் அழவில்லை. மாடு கறந்தாள், தண்ணீர் பாய்ச்சினாள், மகள் முனீஸ்வரிக்குச் சடை பின்னினாள். கல்மனசுக்காரி என்று ஊர் பேசியதும் காதில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்துக் கிணற்று மோட்டார் புகைந்துபோய், தாடிக்கொம்பு ரோட்டில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் பவுல்ராஜிடம் கொண்டுபோனாள். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஊர் திரும்பியவர். அவர் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது டமாரென்று வானம் அதிர்ந்தது. கடைத் தகரம் கிடுகிடுத்தது.

"எந்தக் கிணத்துலடா வெடி?" என்று தெருவே ஓடியது. கருப்பம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பவுல்ராஜ் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"வெடியில்ல தங்கச்சி, பிளேன். சத்தத்தவிட வேகமாப் போனா இப்பிடித்தான் தரையில வந்து அடிக்கும். மேல போகப் போகக் குளிரு. குளிருல சத்தம் மெதுவாத்தான் போகும். அதனால இங்கன சத்தத்தத் தாண்டுறதுக்கு வேண்டிய வேகம் அம்புட்டும் அங்க தேவையில்ல. காத்தும் லேசு, கிழிச்சுக்கிட்டுப் போயிரலாம்."

"உள்ள இருக்கவனுக்கு இந்தச் சத்தம் கேக்குமா அண்ணே?"

"கேக்காது. அது அவனுக்குப் பின்னாடியே நின்னுபோகும்."

அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்குமா?"

பவுல்ராஜ் ஸ்பானரைக் கீழே வைத்தார். மலைச்சாமி கிணற்று வெடியில் போன கதை அவருக்கும் தெரியும். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. நல்லவேளையாக, தேவையும் இருக்கவில்லை.

"அம்புட்டுக் கிட்டத்துல வெடிச்சா, அந்த அடி சத்தத்தவிட வேகமா வந்துரும். கேட்டிருக்காது, தாயி."

"கேக்கலயா" என்றாள். இப்போதாவது அழுகை வரும் என்று செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

ராத்திரி மகளுக்குச் சோறு போடும்போது சொன்னாள்: "உங்கப்பாவுக்கு அந்தச் சத்தம் கேக்கலயாம்."

முனீஸ்வரியின் கை தட்டிலேயே நின்றது. அப்பா போனபிறகு அம்மா அவரைப் பற்றிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"யாரும்மா சொன்னா?"

"மோட்டார் கடைக்காரரு. தொட்டுக்க வெஞ்சனம் வச்சுக்க."