வெளிச்செண்ணெய்

மனிதனைப் படைத்தவன் கையை இன்னும் நாலு விரற்கடை நீளமாக வைத்திருக்கலாம். எழுபதுகளின் நடுவில், போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போடுகிறவனாக இருந்தபோது இதை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். கீழிருந்து கொண்டுபோனாலும் எட்டாது, மேலிருந்து கொண்டுவந்தாலும் எட்டாது என்கிற இடமாகப் பார்த்து, முதுகின் நட்டநடுவில் எனக்குப் படர்தாமரை வந்திருந்தது.

ஊர் ராயப்பன்பட்டி. போடியில் தனி அறை. கல்யாணம் ஆகவில்லை, தாமரை வருவதற்கு முன்பும் யாரும் பெண் தரவில்லை என்பதால் அதன்மீது பழிபோட முடியாது. ஆனால் சாப்பாட்டுக் கடையில் நான் பெஞ்சில் உட்கார்ந்தால், கூட வேலை பார்க்கிறவர்கள் இலையோடு நகர்ந்தார்கள்.

“ஏலே, நீ அங்கன போய் ஒக்காரு. ஒன் தாமரை எங்க முதுகுல வந்து பூத்துரப் போகுது” என்றார் மூத்த எடைக்காரர்.

“பூத்தா பறிச்சு மாதாவுக்கு மாலை கட்டுங்கண்ணே” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்கள்.

சந்தைக்கு மலையிலிருந்து ஒரு மலையாளத்துக்காரர் வருவார். புல்லைக் காய்ச்சி வடித்த தைலத்தைப் பிராந்தி பாட்டிலில் கொண்டுவந்து விற்பார். மூடியைத் திறந்தால் எலுமிச்சம்பழ வாசனை தெருவைத் தூக்கும். படர்தாமரைக்கு அது கேட்கும் என்று நாட்டு மருந்துக்கடையில் சொன்னார்கள்.

“வெளிச்செண்ண கூட்டிப் புரட்டணும், கேட்டோ. சும்மா புரட்டினா பொள்ளும்” என்றார் அவர்.

எனக்கு மலையாளம் தெரியும் என்று கடைவீதி முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான். கலந்து பூச வேண்டும், தனியாகப் பூசினால் பொத்துவிடும் என்பது வரை புரிந்தது. வெளிச்செண்ண என்றால் என்னவென்று திருப்பிக் கேட்டால் கௌரவம் என்ன ஆவது? வெளிச்சம் தருகிற எண்ணெய். என் அறையில் அரிக்கேன் விளக்குக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய். கலந்தேன். பூசிவிட ஆளில்லை. சுவரில் ஆணியடித்துத் துணியைக் கட்டி, அதை நனைத்து, மாடு மரத்தில் உரசுகிற மாதிரி முதுகை உரசினேன்.

அன்று தெருக்குழாய்க்கு ஓடிய ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் கோப்பை வாங்கியிருப்பேன்.

தோல் ஆறியதும் அவரிடம் போய்ச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“வெளிச்செண்ணன்னா தேங்கா எண்ணயடா, மோனே!”

சாக்குமூட்டையில் உட்காரவைத்து, சட்டையைத் தூக்கி, உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் விட்டு, நாலு சொட்டுத் தைலம் சேர்த்து, அவரே தேய்த்துவிட்டார். வீட்டை விட்டு வந்த பிறகு என் முதுகில் பட்ட முதல் கை அது.

பிறகு சந்தைக்குச் சந்தை அவர் கை. மற்ற நாட்களில் சுவர். அந்த வாசனைக்கு அறையில் கொசுவும் அண்டவில்லை. இருந்த ஒரே துணையும் போயிற்று.

சில வாரம் கழித்து சலூன்காரர் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டினார். ஒரு வட்டம்கூட இல்லை. முதுகு பளிச்சென்று இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன், அடுத்த சந்தை என்றைக்கு என்று விரல்விட்டு எண்ணினேன்.

“இன்னும் அரிக்குதாடா?” என்றார் மலையாளத்துக்காரர்.

“கொஞ்சம் அரிக்கிது, சேட்டா.”

சட்டையைத் தூக்கினார். முதுகு முழுக்க ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார்.

“ஆங், உண்டு. கொறச்சு உண்டு” என்றார். தேங்காயெண்ணெய் பாட்டிலைத் திறக்கிற சத்தம் கேட்டது.