நான் வரைபடம் என்று சொன்ன தாள்கள்

என் மாமா மகன் கப்பலில் வேலை செய்தவன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். மச்சான் முறை என்பதால் எங்களுக்குள் வாடா போடா என்றுதான் கதை. எண்பத்து நான்காம் ஆண்டு விடுமுறையில் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு அவன் கொண்டுவந்தவை இரண்டு சவர்க்காரக் கட்டிகளும், ஒரு டோர்ச் லைற்றும், கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு புத்தகக் கட்டும்.

“உது என்னடா?” என்றேன்.

“யப்பான்காரன் வாசிச்சு முடிச்ச புத்தகங்களை உப்பிடிக் கட்டித்தான் ரோட்டோரம் வைப்பான். குப்பை லொறி வர முந்தி நான் தூக்கிக்கொண்டு வந்திட்டன். எங்கடை சனத்துக்குள்ளை நீதானே படிச்சவன். இந்தா, படி.”

“எனக்கு யப்பான் எழுத்துத் தெரியுமே?”

“எனக்கு மட்டும் தெரியுமோ? படத்தைப் பார், விசரா.”

அவை உடுப்புப் புத்தகங்கள். கடையில் நிற்கும் பொம்மைகள் மாதிரியான பெண்கள் அவற்றில் இல்லை. வீதியால் போனவர்களை மறித்து நிறுத்தி எடுத்த படங்கள். தகப்பனின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டதுபோல முழங்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டோடு ஒரு பெண். ஒரு காலில் சிவப்பு மேசும் மற்றக் காலில் பச்சை மேசும் சப்பாத்துக்குள் போட்ட ஒரு பெடியன். அவர்களுக்குப் பின்னால் சைக்கிள், பழக்கடை, தந்திக் கம்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு பெரிய வீதியை வாகனங்கள் வராமல் மூடிவிடுவார்களாம். பெடியள் பெட்டையள் நினைத்ததை உடுத்துக்கொண்டு வந்து நடுவீதியில் ஆடுவார்களாம். மச்சான் இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை.

“ரோட்டை மூடினால் சனம் ஓடுமோ, ஆடுமோ?” என்றார். எங்கள் பக்கத்தில் வீதியை மூடுவது ராணுவம்தான். எல்லோரும் சிரித்தோம்.

அப்பா கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காதவர். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அம்மா மீன் விற்கப் போக, என்னைப் பார்த்துக்கொள்வதற்காக இரண்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் வீட்டில் சாதாரண தரச் சோதனை வரை படித்தது நான் மட்டும்தான். விதானையாரின் கடிதம், மருந்துப் போத்தல், கல்யாணக் காட் என்று எதுவாயிருந்தாலும் என் கையில் தந்து, “இதிலை என்ன கிடக்கு?” என்று கேட்பார்கள். ஒருநாளும் நான் ‘தெரியாது’ என்று சொன்னதில்லை. தெரியாதபோதும் ஏதாவது சொல்லிவிடுவேன். படிப்பித்ததற்கு அவர்களுக்கு நான் கொடுக்க வேண்டிய மரியாதை அதுதான் என்று உண்மையாகவே நினைத்தேன்.

மச்சான் ஒவ்வொரு முறை வரும்போதும் இரண்டு மூன்று புத்தகம் கொண்டுவந்தான். பதினொன்று சேர்ந்தன. அவற்றைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதை நானே கண்டுபிடித்தேன். அதில் எனக்குப் பெருமை கொஞ்சமல்ல. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கொப்பியில் குறிப்பு எழுதினேன். “எழுத்துத் தெரியாமல் படிக்கிறதெண்டால் நானுந்தான் பேப்பர் படிக்கிறன்,” என்று அப்பா பகிடி பண்ணினார்.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் எட்டாக மடித்த ஒரு பெரிய மெல்லிய தாள் இருந்தது. விரித்தால் பாய் அளவு வரும். இரண்டு பக்கமும் கறுப்பு, சிவப்பு, பச்சைக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடின. நேர்க்கோடு, வளைகோடு, விட்டு விட்டு ஓடும் கோடு, இலக்கங்கள், அம்புக்குறிகள்.

“சிக்குப்பட்ட வலை மாதிரியெல்லோ கிடக்கு. என்னடா மோனை இது?” அப்பா கேட்டார்.

நான் அப்போது உயர்தர வகுப்பில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “இது தோக்கியோ நகர வரைபடம் அப்பா. படம் எடுத்த வீதியளைக் காட்டியிருக்கு. விட்டு விட்டு ஓடுறது ரயில் பாதை. இலக்கம் வீதி நம்பர்.”

அக்கா தாளின்மேல் குனிந்து நின்றாள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் பெண்களுக்குத் தைக்கும் ஒரு கடையில் அவளுக்கு வேலை. தையல் மட்டும். வெட்டு மேசை முதலாளிக்கும் அவருடைய மருமகனுக்கும் உரியது. எங்கள் பக்கத்தில் தைக்கக் கொடுப்பவர்கள் பொருத்தமான ஒரு பழைய சட்டையையும் கூடவே கொடுப்பார்கள். அதற்கு அளவுச் சட்டை என்று பெயர். அதைத் துணிமேல் விரித்துச் சோக்கால் சுற்றிவரக் கீறி வெட்டுவதுதான் வழக்கம். புதுமாதிரி உடுப்பு ஒன்றைத் தானாக வெட்டிக் காட்டினால் அவளையும் வெட்டு மேசையில் விடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அவள் மனம் அந்தக் கறுப்புக் கோட்டில் இருந்தது. “உதுக்கு ஒரு அளவுச் சட்டை மட்டும் கிடைச்சால் நான் வெட்டிப்போடுவன் தம்பி,” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள்.

இப்போது சிவப்புக் கோடொன்றில் விரலை வைத்தாள். “இந்த வளைவு சட்டையிலை கைக்குழி மாதிரிக் கிடக்கு.”

“அது கடற்கரை அக்கா. தோக்கியோ விரிகுடா.”

“கடற்கரை இவ்வளவு வடிவாய் வளையுமே?”

“புவியியல் படிச்சது நானோ நீயோ?”

அவள் கோபிக்கவில்லை. “ஓம், நீ சொன்னால் சரிதான்,” என்று தாளை அதன் மடிப்புகளிலேயே மடித்துத் தந்தாள். அவள் குத்திக் கதைத்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவள் என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாள்.

எண்பத்தெட்டில் இந்திய ராணுவம் வீடு வீடாகத் தேடியது. பக்கத்து ஒழுங்கையில் ஒருவரைக் காணி உறுதியோடு கிடந்த நில அளவைப் படத்துக்காக, போராளிகளுக்கு வரைபடம் வைத்திருக்கிறான் என்று, அரைநாள் வெயிலில் இருத்தி வைத்தார்கள் என்று கதை வந்தது. எங்கள் வீட்டில் பாய் அளவில் பத்து வரைபடங்கள்! அடுத்தநாள் காலையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் அடுப்பிலை வை.”

“கோட்டுப் புத்தகத்திலை கிடந்ததையாவது விடன்.”

“வரைபடம் ஒண்டெண்டாலும் பிழைதான். உனக்கு உதுகள் விளங்காது அக்கா.”

அவள் ஒவ்வொன்றாக வைத்தாள். கோட்டுப் புத்தகத்தின் தாளைக் கடைசியாக வைத்தாள். அன்றைய புட்டு அந்த நெருப்பில்தான் அவிந்தது. நாங்கள் சாப்பிட்டோம்.

இரண்டு கிழமை கழித்து ராணுவம் வந்தது. புத்தகங்களைப் புரட்டிய ஒருவன் சிவப்பு மேசும் பச்சை மேசும் போட்ட பெடியனை மற்றவனுக்குக் காட்டிச் சிரித்தான். போய்விட்டார்கள். என் முன்யோசனையை அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த வருடம் அக்கா பொறுமையிழந்து, கறுப்புத் துணி வாங்கி, படத்தை மட்டும் பார்த்துக் கோட்டை வெட்டினாள். தோள் சரிந்தது. கையை உயர்த்தினால் கோட்டு முழுதும் கூடவே எழும்பியது. ஆனாலும் கடைக்குக் கொண்டுபோனாள். “படத்தைப் பாத்துச் சமைச்சால் வாயிலை வைக்க ஏலுமே பிள்ளை? நீ தையலைப் பார்,” என்றாராம் முதலாளி. மருமகன் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டினானாம். வீட்டுக்கு வந்து கோட்டைப் பிரித்து இரண்டு தலையணை உறை தைத்தாள். அப்போதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “யப்பான்காரற்றை உடம்பு வேறை அக்கா. அதுதான் சரிவரேல்லை,” என்று விளக்கம் சொன்னேன்.

தொண்ணூற்றிரண்டு, பொருளாதாரத் தடையால் எழுதக் கடதாசிகூட இல்லாத காலம். நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கணக்குச் செய்வதற்காக என் பழைய புத்தகங்களின் உறைகளைக் கழற்றினேன். புவியியல் புத்தகத்தின் பழுப்பு மாட்டுத்தாள் உறைக்குக் கீழே இன்னொரு உறை இருந்தது. சிவப்பு, பச்சைக் கோடுகள். உலகம் தெரிந்தவன் என்று காட்ட, பதினாறு வயதில் நானே தோக்கியோவின் ஓரத்தை வெட்டி, மெல்லிய தாள் என்று பல மடிப்பாக மடித்துப் போட்ட உறை. அடுப்புக்குப் போகாமல் தப்பிய ஒரே தாள்.

அக்கா மெசினில் அயல்வீட்டுப் பிள்ளையின் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தாளைக் கண்டதும் மெசினை மிதித்த காலை நிறுத்தினாள். எழுந்துவந்து தாளை நிலத்தில் விரித்து, அந்தச் சட்டையின் முதுகுத்துண்டை அதன்மேல் வைத்தாள். பிறகு துண்டை எடுத்துவிட்டு, பச்சைக் கோடு ஒன்றில் விரலை வைத்து, மற்றக் கோடுகளுக்குள் தடுமாறாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிறுத்தினாள்.

“இது முதுகு,” என்றாள். சிவப்புக் கோட்டுக்கு மாறினாள். “இது முன்பக்கம். இந்த அம்புக்குறி துணியிலை நூலோடுற பக்கம்.” விரல் தாளின் ஓரத்தில் வந்து நின்றது. “கை இல்லை. வெட்டுப்பட்டுப் போச்சு.”

வரைபடம் என்று நான் பெயர் வைத்ததால்தானே அவை அடுப்புக்குப் போயின. சட்டை வெட்டும் தாளுக்கு ஆர் பயந்திருப்பார்கள்? ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஓர் அளவுச் சட்டை மடித்துக் கிடந்திருக்கிறது. கோட்டுக்கும் கிடந்திருக்கிறது.

அக்கா அதைச் சொல்லவில்லை. “நான்தான் அண்டைக்கு வடிவாய்ப் பாக்கேல்லை,” என்றாள். அவள் அன்றைக்கே பார்த்தவள். அவள் வேலை செய்த கடையும் அதற்குள் மூடிப்போயிருந்தது. முதலாளி மேசையையும் விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது.

“இது எந்தப் புத்தகத்தின்ரை தாள் தம்பி? எந்த உடுப்பு?”

பதினொரு புத்தகங்களையும் எடுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏதாவது ஒரு பாவாடையையோ மேற்சட்டையையோ காட்டியிருக்கலாம், நம்பியிருப்பாள்.

“எனக்குத் தெரியாது அக்கா.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு முதலாவது புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, வலப்பக்கமாகத் திறந்து, தானே ஒவ்வொரு படமாகப் பார்க்கத் தொடங்கினாள்.