சிவப்புப் பேருந்தும் என் மௌனமும்

வாசிக்கும் ஐயா, அம்மா, தங்களுக்கு என் வணக்கம். பள்ளியில் அதிகம் படிக்காதவன் நான். பார்வை இழந்துவிட்டதால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் இதை எழுதுகிறாள். பிழையிருப்பின் என்னுடையது.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தென்னேரிக்குச் சென்ற தனியார் பேருந்து ஒன்றை நான் நெடுங்காலம் ஓட்டினேன். சிவப்பு வண்டி. ஓய்வு பெற்ற பின், பழைய பொருள் கடையில் அதே சாயலில் உள்ளங்கையளவு உலோகப் பேருந்து ஒன்றைக் கண்டேன். எவரோ அதன்மேல் பச்சை வண்ணத்தை அப்பியிருந்தார். அதைச் சிவப்பாக்கிப் பார்க்க ஆசை கொண்டேன். அப்போதே என் கண்களில் நீர் அழுத்த நோய் முற்றியிருந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதும் நிலைக்காது என்று மருத்துவர் கூறியிருந்தார்.

அடுத்த வீட்டு நண்பர் பட்டு நூலுக்குச் சாயமேற்றியவர். இத்தகைய பழைய சிறு வண்டிகளை வாங்கிப் புதுப்பிப்பது அவர் பொழுதுபோக்கு. பேருந்தை அவரிடம் கொடுத்தேன். சாயமேற்றும் முன் பட்டு நூலின் இயற்கைப் பசையை நீக்குவது போலவே, சவுக்காரமும் சோடாவும் கலந்த நீரில் அதை வேகவைத்தார்.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “அண்ணே, பாருங்க, சோறாக்குற அடுப்புல பஸ்ஸ வேகவெக்கிறாரு. இன்னா கொழம்பு ஊத்துறதுன்னு கேட்டு சொல்லுங்க.”

பச்சை உரிந்தது. அடியிலிருந்த சாம்பல் நிற ப்ரைமர் பூச்சு அசையவில்லை. பெயிண்ட் கடையிலிருந்து வண்ணம் நீக்கும் திரவம் வாங்கிவந்து, பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்தார். ஜன்னல் கம்பிகளின் இடுக்கில் மட்டும் அது ஒட்டியே இருந்தது. தினமும் ஊசியால் சுரண்டினார்.

“போதும்பா, மேலயே அடிச்சுடு” என்றேன்.

“பசை நின்ன நூலு திட்டுத்திட்டாத்தான் கலர் புடிக்கும். பஸ் ஓட்டுனவனாச்சே நீ, எல்லாத்துக்கும் அவசரம்!”

“இது பட்டு இல்லபா, பஸ்ஸு.”

“என் கைக்கு வந்தா எல்லாம் பட்டுதான். போய்க் காப்பி குடிச்சிட்டு வா.”

என் கண்ணின் நிலையை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்ணம் பூசியிருப்பார். ஆனால் அவர் சுரண்டுவதில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பரிதாபத்தால் பூசிய சிவப்பும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் அந்தச் சிறு பேருந்தின் மேற்கூரைக்குச் செல்லும் ஏணியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நாட்களில், அவர் முகமே எனக்கு நிழலாயிற்று.

ஒரு நாள் வண்ணம் பூசி முடித்துப் பேருந்தை என் கையில் வைத்தார். “பாருபா, நீ ஓட்டுன செவப்புதானா?”

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. “அதேதான்பா” என்றேன். ஆயினும் என் விரல்கள் கூரையைத் தடவி முன்பக்கத்தைத் தேடியதை அவர் கண்டுவிட்டார்.

“எப்பலேர்ந்து?” என்றார்.

“நீ ஏணியச் சுரண்டிக்கினு இருந்தப்போ.”

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதாபா?”

இன்றும் பேருந்தின் ஒவ்வொரு கம்பியும் விரலுக்குத் தனித்தனியாகப் படுகிறது. அவ்வளவு நேர்த்தியான வேலை. எனினும் அந்தச் சிவப்பை நான் காணவில்லை. அந்த ஏக்கம் தீரவுமில்லை.

அன்று முதல் அவர் எந்த வண்டியையும் தொடுவதில்லை. பாதி உரித்தவை அலமாரியில் அப்படியே கிடப்பதாக அவர் மனைவி சொல்கிறார். தவறு அவருடையதன்று, நான் பேசாதிருந்ததே காரணம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவர் பேச்சை மாற்றிவிடுகிறார். ஆகவே, எனக்குப் பின் அந்தப் பேருந்து யாரிடம் சென்றாலும், தவறு யாருடையது என்று தெரியும்படி இந்தத் தாளையும் அதனுடன் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.